போன வாரம் வந்திருக்க வேண்டும்

போன வாரக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கடிக்காது, துரத்தாது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உங்களைப் பார்த்து ஒரு முறை சிரித்துவிட்டால் உங்கள் அரை நாள் போச்சு.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். வலது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். நகத்துக்கு அடியில் பிறைபோல ஒரு கறுப்புக் கோடு இருக்கும். எந்தத் தொட்டியைக் கண்டாலும், அது தன் வீட்டுத் தொட்டியோ, வங்கி வாசலில் அழகுக்கு வைத்த தொட்டியோ, துக்கம் விசாரிக்கப் போன வீட்டுத் தொட்டியோ, அந்த விரல் தானாக நீண்டு, மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் இறங்கி, ஈரம் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். பிறகு தலை ஆடும். திருப்தியால் அல்ல. எந்தத் தொட்டியிலும் ஈரம் சரியாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

கையுறை போட்டிருக்கிறாரா? பரவாயில்லை. "தோட்டம் நல்லா இருக்கே" என்று ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள்.

"இப்பவா? இப்ப என்ன இருக்கு! போன வாரம் வந்திருக்கணும் நீங்க."

போன வாரம் நீங்கள் வந்திருந்தாலும் அவர் இதையேதான் சொல்லியிருப்பார். அதற்கு முந்தின வாரமும். அவருடைய தோட்டம் என்றைக்கும் போன வாரம் பூத்துக் கொட்டிவிட்டது, அல்லது அடுத்த மாதம் பூத்துக் கொட்டப்போகிறது. இன்றைக்கு, நீங்கள் நிற்கிற இந்த நிமிஷத்தில், அதற்குச் சின்ன உடல்நலக் குறைவு.

மற்ற பருவங்களிலாவது ஒதுங்க ஒரு பூ கிடைக்கும். "ஆகா" என்று சொல்லிவிட்டு நழுவலாம். இலையுதிர் காலத்தில் மாட்டினால் தப்பவே முடியாது. வெறும் மண்ணும் நாலு குச்சியும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த இடத்தை அவர் உங்களுக்கு அடி அடியாகச் சுற்றிக் காட்டுவார். இருப்பதைக் காட்ட ஐந்து நிமிஷம் போதும். இல்லாததைக் காட்ட ஒன்றரை மணி நேரமாவது வேண்டாமா? இந்தக் குச்சிக்குப் பக்கத்தில் என்ன இருந்தது, அந்தக் குழிக்குள் என்ன வரும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் மூலையில் இருக்கும் உரக்குவியலிடம் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவார். அழுகின இலையும் முட்டை ஓடும் கலந்த அந்தக் கறுப்பு மலையிலிருந்து லேசாக ஆவி பறக்கும். "கைய உள்ள விட்டுப் பாருங்க. எவ்ளோ சூடா இருக்கு!" குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிற குரல். நீங்கள் தொடுவீர்கள். தொடாமல் யார்தான் போயிருக்கிறார்கள்?

எல்லாம் எதற்காக? "மனசுக்கு ஒரு அமைதிங்க" என்பார். அமைதியாம்! அவர் ஒரு நிமிஷம் உட்கார்ந்து யாராவது பார்த்ததுண்டா?

டாக்டரம்மா பார்த்ததில்லை.

அவளைத் தெரு முழுக்க டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் டாக்டர் இல்லை, டாக்டரின் மனைவி. பல் டாக்டர். முப்பத்தைந்து வருஷம் அவர் உள்ளே பல் பிடுங்க, அவள் வெளியே மேஜை போட்டு உட்கார்ந்து, தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் "கொஞ்ச நேரம் உக்காருங்க, கூப்பிடுறேன்" என்று சொன்னாள். அவள் சொன்னால் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முரடர்கள் உட்கார்ந்தார்கள். ஒரு தடவை ஒரு போலீஸ் அதிகாரி, சிபாரிசுக் கடிதத்தோடு வந்தவர், அவள் ஒரு பார்வை பார்த்ததும் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்காராத ஆள் ஒருவர்தான். அவளுடைய புருஷன்.

அந்த முப்பத்தைந்து வருஷமும் அவர் கை அடுத்தவர் வாய்க்குள் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, "இனிமே நமக்கு நேரம்தான்" என்று சொல்லி, தோட்டத்து நடுவில் இரண்டு பேர் உட்காரும்படி ஒரு மர பெஞ்சு வாங்கிப் போட்டார். மறுநாள் காலையில் கை மண்ணுக்குள் போனது. இன்னும் வெளியே வரவில்லை. பெஞ்சில் இப்போது பழைய செய்தித்தாளை விரித்து விதைக் காய்கள் காய்கின்றன.

டாக்டரம்மா பெரிதாக ஒன்றும் ஆசைப்பட்டுவிடவில்லை. கையில் எதுவுமே இல்லாமல் அந்த மனிதர் சும்மா உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான். இந்தத் தோட்டத்தில் அது நடக்காது என்பது முதல் வருஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. எங்கே நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. நாலு மணி நேர ரயில் பயணத்தில், கடலைப் பார்த்த ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், அவள் தங்கை குடியிருந்தாள். மண் என்பதே இல்லாத வீடு. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர். அதற்கு உரம் போட வேண்டாம்.

"ஒரு பத்து நாள் போய்ட்டு வரலாங்க" என்று அவள் முதல் வருஷம் வசந்தத்தில் கேட்டாள்.

"இப்பவா? நாத்து விட்டிருக்கேனே!"

கோடையில் கேட்டாள். தண்ணீர் யார் ஊற்றுவது? குளிரில் கேட்டாள். குழாய் உறைந்து வெடித்தால்? இப்படி மூன்று பருவங்களையும் மாற்றி மாற்றிக் கைவிரித்துவிட்டு, நாலாவதுக்கு அவரே ஒரு வாக்குறுதி கொடுத்தார். "இலை எல்லாம் கொட்டி முடியட்டும். கடைசி இலை விழுந்த மறுநாள் கிளம்பிடலாம்."

கடைசி இலை யாருடைய இலை? அவர் மரத்து இலையாக இருந்தால் எண்ணி வைத்திருப்பார். பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் மரம் அது. பாதிக் கிளையை வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு, ஒரே நாளில் கொட்டித் தொலைக்காமல், தினம் பத்து, தினம் பன்னிரண்டு என்று குளிர் வரும்வரை நிதானமாக உதிர்க்கிற மரம். அவர் வாருவார். திரும்பிப் பார்ப்பார். இரண்டு விழுந்திருக்கும். மறுபடி வாருவார். ஆறு வருஷம் கடைசி இலை விழுவதற்குள் குளிர் வந்தது. குளிர் வந்தால்தான் குழாய் இருக்கிறதே!

இந்த வருஷம் தங்கை போனில் சொன்னாள். "அக்கா, என் முட்டி இனிமே நாலு மாடி ஏறாதாம். வருஷக் கடைசியில வீட்டக் காலி பண்றேன். ஊருக்குள்ள, கீழ் வீடு. ஜன்னலத் தெறந்தா எதிர் வீட்டுச் சுவரு. வர்றதுன்னா இந்த மாசம் வா. மாமாவையும் இழுத்துட்டு வா. அடுத்த வருஷம்னு சொல்லாத. அடுத்த வருஷம் கடல் இல்ல."

அடுத்த வருஷம் கடல் இல்லை. டாக்டரம்மா போனை வைத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். உருளைக்கிழங்கு சீவ ஆரம்பித்தாள். அவர் பின்வாசல் வழியாக உள்ளே வந்து, குப்பைக் கிண்ணத்தில் எட்டிப் பார்த்து, ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏம்மா, தோல இவ்ளோ மெல்லிசா சீவினா அதுங்க என்ன சாப்பிடும்?"

"எதுங்க?"

"புழு."

"நமக்குக் கிழங்கு வேண்டாமா?"

"நாம வேற எதாவது சாப்பிட்டுக்கலாம்" என்றார் அவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மண்புழுக்களின் பசி அவருக்கு விளையாட்டு இல்லை. அவள் இன்னொரு கோப்பை டீ குடித்தாலும் சந்தோஷப்படுவார். டீத்தூள் கிடைக்குமே.

"தங்கச்சி கூப்பிட்டா. வீட்டக் காலி பண்றாளாம். இந்த மாசமே வரச் சொல்றா."

"போகலாமே! தாராளமா போகலாம். இலை மட்டும் கொட்டி முடியட்டும்."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். ஜன்னல் விளிம்பு முழுக்கப் பழுக்காத தக்காளிகள், ஆஸ்பத்திரியில் கருவிகள் வைத்திருந்த எஃகுத் தட்டுகளில், இடைவெளி விட்டு, காகிதம் போட்டு, நாற்பத்தேழு. அவற்றுக்கு அப்பால் அந்த மரம். ஆயிரம் இலையாவது இருக்கும். ஆடாமல் நின்றது.

இந்த நேரத்தில்தான் டாக்டர் பூக்கிழங்கு நட்டார். வசந்தத்தில் முளைத்துப் பூக்கிற கிழங்குகள். இலையுதிர் காலத்தில் மண்ணுக்குள் வைத்து மூடிவிட்டு மறந்துவிட வேண்டும் என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. மறந்துவிடுவதா? முப்பத்திரண்டு கிழங்குகளை, மேல் வரிசை பதினாறு, கீழ் வரிசை பதினாறு, வளைவு பிசகாமல் நட்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குச்சி குத்தி, குச்சியில் எண் எழுதி, நோயாளிகளின் பற்களைக் குறித்து வைத்த அதே பல் அட்டையில் படமும் வரைந்துகொண்டார். மாடி ஜன்னலிலிருந்து டாக்டரம்மா எட்டிப் பார்த்தாள். தரையில் யாரோ ராட்சதன் மல்லாந்து படுத்து "ஆ" காட்டுவதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் கீழேயிருந்து அலறல் கேட்டது.

"மேல் இடது ஆறு போச்சு!"

அணில். அந்த இடத்தில் வேறொரு கிழங்கைக் கட்டுப்பல்போலப் பொருத்தினார். பொருத்திய கையோடு மேல் இடது ஏழையும் தோண்டிப் பார்த்தார்.

"அத எதுக்குத் தோண்டுறீங்க?"

"வேர் விட்டிருக்கான்னு பாக்குறேன்."

"முந்தாநாள்தானே பாத்தீங்க?"

"முந்தாநாள் விடல."

அன்று மாலை டாக்டரம்மா வேலியோரம் நின்று பஸ் டிரைவரைக் கூப்பிட்டாள். பெரிய உடம்பு, வேலியோரம் மட்டும் சின்னக் குரல். பஸ்ஸில் எழுபது பேரை அதட்டி உள்ளே தள்ளுகிறவர், டாக்டரைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அவர் வாயில் பிடுங்க வேண்டிய இரண்டு சொத்தைப் பல் பாக்கியிருந்தது.

"தம்பி, உன் மரத்து இலை எப்பதான் கொட்டும்?"

"அத ஏங்க்கா கேக்குறீங்க! டாக்டர் என் மரத்தப் பாக்குற பார்வையே சரியில்ல. என்னைக்கோ ஒரு நாள் கிளைய அகட்டிப் பிடிச்சு அடியோட பிடுங்கிடுவாருன்னு பயந்துக்கிட்டு இருக்கேன்."

"அவர் பிடுங்க வேண்டாம். நாம பிடுங்குவோம்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். டிரைவர் தலையைச் சொறிந்தார். "எனக்கு வியாழன் லீவு."

வியாழக்கிழமை என்பது டாக்டர் விதைக்கடைக்குப் போகிற நாள். ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போவார். மூன்று மணி நேரம் ஆகும். அங்கே இன்னும் நாலு போன வாரக்காரர்கள் இருப்பார்கள். ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் பார்த்ததில்லை. போன வாரம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்வார்கள்.

அவர் தெருமுனை திரும்பியதும் டிரைவர் ஒரு கயிற்றைக் கிளைமேல் வீசினார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை டாக்டரம்மா கையில். அறுபத்திரண்டு வயசில் அவள் கயிறு இழுத்தாள். கிளை ஆடியது. இருபது இலை விழுந்தது. "இன்னும் வேகமாக்கா!" என்றார் டிரைவர், பஸ் கிளப்புகிற குரலில். இழுத்தார்கள். கழி கொண்டு தட்டினார்கள். டிரைவர் பாதி மரம் ஏறி, காலால் உதைத்து, தலையெல்லாம் தூசும் தும்புமாக இறங்கினார். இரண்டரை மணி நேரத்தில் தோட்டம் கணுக்கால் அளவுக்கு இலையாக நிறைந்தது.

உச்சியில் ஒன்று மிச்சம்.

"விட்டுடலாங்க்கா. ஒண்ணுதானே?"

"கடைசி இலைன்னு சொல்லியிருக்காரு. அவர் அதைத்தான் முதல்ல பாப்பாரு."

கயிறு எட்டவில்லை. கழி எட்டவில்லை. டிரைவர் வலது கால் செருப்பைக் கழற்றி, ஒரு கண்ணை மூடி, குறி பார்த்து எறிந்தார். இலை விழுந்தது. செருப்பு விழவில்லை.

டாக்டர் வந்தார். கதவருகிலேயே நின்றுவிட்டார். மரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கையிலிருந்த பை நழுவியது. "ஒரே நாள்ல! ஒரே காத்துல! பாத்தியாம்மா, இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல!" என்று வாசலுக்கு ஓடிப்போய், தபால் கொண்டுவந்த பெண்ணை உள்ளே இழுத்துவந்து காட்டினார். அந்தப் பெண் பார்த்தாள். "இது அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி இன்னும் அழகா இருந்திருக்கும்" என்றார் அவளிடம். பழக்க தோஷம்.

டாக்டரம்மா கதவோரம் நின்று உள்ளங்கைகளைப் புடவைத் தலைப்பில் ஒளித்துக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து ஓர் இலையை எடுத்தார். காம்பைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்றாவதை வெளிச்சத்தில் திருப்பினார். தபால் பெண் போய்விட்டாள்.

"இது தானா விழுந்தது இல்ல."

அவள் புடவைத் தலைப்பைக் கைகளில் இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"தானா விழுந்தா காம்பு நுனி வழவழன்னு மூடியிருக்கும். இது பிஞ்சிருக்கு பாரு. இதும் பிஞ்சிருக்கு. முப்பத்தஞ்சு வருஷம் நான் பாக்காததா? விழுந்ததுக்கும் பிடுங்கினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"பிடுங்கினதுதான்" என்றாள் டாக்டரம்மா. "நான்தான் பிடுங்கினேன். மரத்துப் போற ஊசிகூடப் போடல. இப்ப என்னங்கறீங்க?"

காம்பு மூடுவதற்கு முன்னால் இலையைப் பறித்தால் மரத்துக்கு என்ன ஆகும் என்று அரை மணி நேரம் கேட்க அவள் தயாராகத்தான் இருந்தாள். ஆனால் அவர் பக்கத்தில் வந்து, "காட்டு" என்றார். வாயைத் திறக்கச் சொல்லுகிற அதே குரல். அவள் காட்டினாள். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்து சிவப்பாகக் கோடு ஓடியிருந்தது.

"கயிறா?"

"கயிறு."

அவர் நெடுநேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏழு வருஷத்தில் மண்ணைத் தவிர வேறு எதையும் அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை. பிறகு அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

"மேல என்ன அது? செருப்பா?"

"டிரைவரோடது."

"ஒத்தச் செருப்போடயா வீட்டுக்குப் போனாரு?"

"ஆமா."

"ரயில் எத்தன மணிக்கு?" என்றார்.

நாலு மாடிப் படிக்கட்டு ஏறி, மூச்சு வாங்கி, தங்கை வீட்டு ஜன்னலோரம் அவரை உட்கார்த்தி வைத்தார்கள். அவர் கடலைப் பார்த்தார். ஓர் அலை வந்தது. போனது. அவர் கை எதையோ தேடி முழங்கால்மேல் இரண்டு தட்டுத் தட்டியது. கிள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அப்படியே சாய்ந்து கிடந்தது. இன்னோர் அலை வந்தது. போன அலை இதைவிட நன்றாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. தாடை தளர்ந்து, தோள் இறங்கி, வலி விட்டுப்போன நோயாளியைப்போல உட்கார்ந்திருந்தார்.

தங்கை டீயோடு வந்தவள் அப்படியே நின்றாள். "அக்கா! ஓடி வா! மாமாவப் பாரு! கை சும்மா இருக்கு!"

அக்கா அறையில் இல்லை. பால்கனியில், காற்று இரைச்சலுக்கு மேல் குரல் எழுப்பி, போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, மேல் இடது ஆறு இருக்கா? கட்டுப்பல்லு, அதான் முதல்ல ஆடும். இல்ல இல்ல, தோண்டாத, குச்சிகிட்ட மண்ணு கலைஞ்சிருக்கான்னு மட்டும் பாரு. கலைஞ்சிருந்தா தோண்டு. கீழ் வரிசை? சரி. தக்காளியத் திருப்பி வச்சியா? உன் வீட்டுக்காரிகிட்ட உருளைக்கிழங்குத் தோலக் கொஞ்சம் கனமா சீவச் சொல்லு, அதுங்க பட்டினி கெடக்கும். என்னது? செருப்பு விழுந்துடுச்சா? எங்க விழுந்துச்சு? கடைவாய் மேலயா? ஐயையோ!"

"அக்கா, வந்து பாரேன்! இப்ப எழுந்துடுவாரு!"

"இரு வர்றேன்" என்றாள் டாக்டரம்மா. ஒரு கையில் போன். மற்றொரு கை சும்மா இருக்கவில்லை. பால்கனியில் இருந்த ஒரே தொட்டிக்குள் அதன் ஆள்காட்டி விரல் இரண்டு கணு ஆழம் இறங்கியிருந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

"என்னடி இது? ஈரமே இல்லையே."

"அக்கா, செடியே பிளாஸ்டிக்கு."

டாக்டரம்மா விரலை எடுத்தாள். பார்த்தாள். துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். "போன வாரம் நீ எங்க தோட்டத்தப் பாத்திருக்கணும்."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து டீயை வாங்கிக்கொண்டார். ஏழு வருஷம் அவள் காத்திருந்த காட்சி, அவள் முதுகுக்குப் பின்னால், நல்ல வெளிச்சத்தில் நடந்து முடிந்துவிட்டது.

பாவம் டாக்டரம்மா என்று உச்சுக் கொட்டுகிறீர்கள். கொட்டுங்கள். இந்தப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகு நடுவில் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வந்தீர்களே, அது எதற்கு? காற்று வாங்கவா? நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஒரு செடிகூடக் கிடையாது, இரண்டு தொட்டிதான், அதுவும் யாரோ கொடுத்தது, வைக்க இடம் இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அந்த வலது கையை மட்டும் கொஞ்சம் இப்படி வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

காட்டுங்கள்.

என்ன? போன வாரம்தான் சுத்தமாக இருந்ததா?